அவிழ்த்துப் பார்த்த வாணம்

குழந்தை கிலுகிலுப்பையை உடைப்பது உள்ளே சத்தம் போடுவது யார் என்று பார்ப்பதற்காகத்தான். பெரியவர்கள் அதே காரியத்தைச் செய்தால் ஆராய்ச்சி என்கிறோம். ராஜ்யங்கள் செய்தால் சரித்திரமாகிவிடுகிறது. அப்படி ஒரு சரித்திரத்தின் ஆரம்பம் நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

அரக்கோணம் என்றால் ரயில் சந்திப்புத்தான் நினைவுக்கு வரும். திருத்தணிக்குப் போகிறவர்கள் பிளாட்பாரத்தில் காப்பி சாப்பிடுவதோடு சரி. ஆனால் அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே புள்ளலூர் என்ற கிராமம் இருக்கிறது. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி, ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை அங்கேதான் வளைத்துக்கொண்டார்கள். காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த மன்ரோ உதவிக்கு வந்து சேரவில்லை. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் பயங்கரமாக வெடித்தன. மைசூர் வாணம் பட்டு வெடித்தது என்பார்கள். பீரங்கிக் குண்டு என்பாரும் உண்டு. எப்படியானாலும் படை அழிந்தது. பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலே மாண்டார். மன்ரோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

அந்த வாணத்தில் அப்படி என்ன விசேஷம்? நம் தீபாவளி வாணத்துக்குக் காகித உறை. மருந்தை ஓரளவுக்கு மேல் நெருக்கி அடைத்தால் உறையே கிழிந்துபோகும். மைசூர்க் கொல்லர்கள் இரும்புத் தகட்டைக் குழாயாகச் சுருட்டி, மருந்தைக் கெட்டித்து, மூங்கில் கழியில் கட்டினார்கள். இரும்பு அழுத்தத்தைத் தாங்கிற்று. வாணமும் ஆயிரம் கஜத்துக்குக் குறையாமல் பாய்ந்தது.

1799-இல் திப்பு வீழ்ந்தார். வெற்றிப் பொருள்களோடு வாணங்களும் கப்பலேறி, லண்டனுக்கு அருகே ஊல்விச்சில் இருந்த ஆயுதசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் 1804-இல் வேலையைத் தொடங்கினார். லண்டனில் கிடைத்த பெரிய வாணங்களை வாங்கி விட்டுப் பார்த்தார். அவை அறுநூறு கஜத்தைத் தாண்டவில்லை. மருந்தின் அளவு, குழாயின் கனம், கழியின் நீளம் ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். காகித உறை போய் இரும்பு உறை வந்தது; வாணம் இரண்டாயிரம் கஜம் பாய்ந்தது. 1806-இல் பூலோன் துறைமுகத்திலும், 1807-இல் கோபன்ஹேகன் நகரத்திலும் அது தீ மழை பொழிந்தது. இந்தியாவில் வாணங்கள் உண்டு, ஆனால் அவை சிறியவை, ஆயிரம் கஜத்தைத் தாண்டாதவை என்று காங்கிரீவ் எழுதி வைத்தார். ஆசானைச் சீடன் குறைத்துப் பேசுவது உலகத்தில் புதிதா என்ன?

இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திப்புவும் ஐரோப்பியத் துப்பாக்கிகளைப் போலவே தம் பட்டறைகளில் செய்வித்தவர்தான். 1787-இல் பிரெஞ்சு மன்னரிடம் தூது அனுப்பித் தொழிலாளர்களைக் கேட்டவர். அடி வாங்கியவன்தான் அடித்த கோலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அது மனித சுபாவம். என் குறையெல்லாம் வேறு. ஊல்விச்சில் அளந்ததைக் காகிதத்தில் எழுதினார்கள். ஆகவே ஒருவர் போனாலும் அடுத்தவர் தொடர முடிந்தது. நம் கொல்லனுடைய கணக்கு அவன் கையிலே இருந்தது. பட்டறை அணைந்ததும் அதுவும் அணைந்தது.

புள்ளலூரில் இன்று இரண்டு கல் தூண்களைப் பார்க்கலாம். 1781-இல் அங்கே மறுபடியும் நடந்த சண்டையில் இறந்த இரண்டு கும்பினி அதிகாரிகளின் ஞாபகச் சின்னங்கள் அவை. வாணம் செய்த கொல்லனுக்கு அங்கே கல்லும் இல்லை, பெயரும் இல்லை. 2018-இல் கர்நாடகத்தில் சிவமொக்கா ஜில்லா நகரா என்ற ஊரில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டினார்கள். சேற்றில் வெடிமருந்து வாடை வீசிற்றாம். உள்ளே துருப்பிடித்த இரும்பு வாணங்கள், ஆயிரத்துக்கு மேல்! இனி அவற்றை அளந்து பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.