பாவைக்கு உயிர் வந்த வரலாறு

தோக்கியோ நகருக்கு வெளியே, மலைகளுக்கிடையே மறைந்து நிற்கிறது ஒரு பள்ளி. மாந்தரின் அச்சத்திலும் வெறுப்பிலும் துயரத்திலும் ஊறிப் பிறக்கும் தீய ஆவிகளை அழிக்கும் கலை அங்கே பயிற்றப்படுகிறது. அப்பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவர்களுள் ஒருவன் மனிதன் அல்லன். கறுப்பும் வெள்ளையுமாய்ப் பருத்த உடலுடன் இரு கால்களில் நடந்து, பேசி, நகைத்து, கைம்முட்டியால் பொருதும் பாண்டா அவன். அவன் பெயரும் பாண்டா என்பதே. அவனைத் தாய்க்கரடி ஈன்றதில்லை. பள்ளியின் முதல்வர் யாகா மசமிச்சி தம் கையால் செய்த பாவை அவன்.

அகுதாமி கெகெ எழுதி வரைந்த ‘ஜுஜுட்சு கைசன்’ என்னும் சித்திரக்கதையில் வரும் பாத்திரம் இது. அக்கதை 2018ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு வரை ஷோனென் ஜம்ப் என்னும் வார இதழில் தொடராக வெளிவந்தது. 2020இல் அனிமே எனப்படும் அசைவுப்படமாகவும் உருப்பெற்றது. அக்கதையுலகில் மந்திரத்தால் இயங்கும் பாவைகள் பல உண்டு. அவை யாவும் செய்தவர் ஊட்டிய ஆற்றல் தீர்ந்ததும் ஓய்ந்து விழுவன. பாண்டா ஒருவனே தன் ஆற்றலைத் தானே சுரப்பவன். தனக்கென ஓர் உள்ளம் உடையவன். சிறுவர்க்கான வேடிக்கை என இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் செய்யப்பட்ட பொருளுக்குள் உயிர் எவ்வாறு புகுகிறது, புகுந்தபின் செய்தவன் அதற்கு என்ன கடன்பட்டவன் என்னும் வினாக்களை ஜப்பானியர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக எழுப்பி வந்துள்ளனர். பாண்டா அவ்வினாக்களின் வழித்தோன்றல் ஆவான்.

கி.பி. 720இல் தொகுத்து முடிக்கப்பெற்ற ‘நிஹோன் ஷோக்கி’ என்னும் பழைய வரலாற்று நூல் ஒரு கொடிய செய்தியைக் கூறுகிறது. சுயினின் பேரரசரின் தம்பி இறந்தபோது, அவனுடைய ஏவலர்களைக் கல்லறையைச் சுற்றி உயிரோடு நிற்கவைத்துப் புதைத்தனராம். அவர்கள் பல நாள் சாகாமல் இரவும் பகலும் அழுதனர். இறந்தபின் நாயும் காக்கையும் அவர்களைத் தின்றன. அவ்வழுகை பேரரசரின் நெஞ்சை அறுத்தது. பின்னர் அரசி இறந்தபோது நோமி நோ சுக்குனே என்பவன் இசுமோ நாட்டிலிருந்து நூறு குயவர்களை வரவழைத்து, மனிதரையும் குதிரைகளையும் களிமண்ணால் செய்வித்து, உயிருள்ளாருக்கு ஈடாக அவற்றைக் கல்லறையில் நிறுத்தச் செய்தான். ‘ஹனிவா’ எனப்படும் சுடுமண் உருவங்களின் தோற்றத்திற்கு அந்நூல் கூறும் காரணம் இதுவே. (சுமோ மற்போரின் மூதாதை எனப் போற்றப்படுபவனும் இந்த நோமியே.)

தொல்பொருள் ஆய்வாளர் இக்கதையை ஏற்பதில்லை. மண்ணிலிருந்து கிடைத்த ஹனிவாக்களுள் மிகப் பழையன மனித உருவங்களோ விலங்குகளோ அல்ல, வெறும் உருளைகளே. குதிரையும் வீரனும் ஐந்தாம் நூற்றாண்டிலேதான் பெருகுகின்றனர். ஆகவே மனிதர்க்கு மாற்றாகத்தான் மண்பாவை பிறந்தது என்னும் கூற்று பின்னாளில் புனைந்ததே ஆகலாம். ஆயினும் புனைவு என்பதனாலேயே அது பொருளற்றதாகிவிடாது. பாவை செய்யப்பட்டது ஓர் உயிரின் இடத்தில் நின்று துன்புறுதற்கே என்று எட்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் எண்ணினர் என்பது அதனால் தெளிவாகிறது. நம் காலத்துப் பாண்டாவும் மனிதர் விழவேண்டிய போர்க்களத்தில் முன்னே நிற்கச் செய்யப்பட்டவனே.

மண்குதிரை கல்லறையை விட்டு நகரவில்லை. ஓவியக் குதிரை நகர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் பெரும் ஓவியர் கொசெ நோ கனாஓக்கா. அவர் நின்னாஜி கோயிலில் தீட்டிய குதிரை இரவுதோறும் சுவரைவிட்டு இறங்கி, பக்கத்து வயல்களில் நெற்பயிரை மேய்ந்ததாக 1254இல் தொகுக்கப்பெற்ற ‘கொக்கோன் சோமோன்ஜூ’ கூறுகிறது. ஓவியத்தின் குளம்புகளில் சேறு படிந்திருக்கக் கண்ட மக்கள் அதன் கண்களைத் தோண்டியெடுத்தனர், மேய்ச்சல் நின்றது. உயிர் கண்ணில் இருக்கிறது என்பதே இதன் கருத்து. கி.பி. 752இல் நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்குக் கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. அவர் பிடித்த தூரிகையோடு நீண்ட கயிறு பிணைக்கப்பட்டு, கூடியிருந்தோர் அக்கயிற்றைப் பற்றி நின்றனர். தூரிகையும் கயிறும் சோசோயின் கருவூலத்தில் காக்கப்பட்டு வருகின்றன. கோயிற் சிற்பத்துக்குக் கண் திறக்கும் சடங்கைக் கண்டு வளர்ந்த தமிழர்க்கு இதில் வியப்பு இராது. தமிழிலோ செய்த பதுமைக்கும் கண்ணின் மணிக்கும் பாவை என்னும் ஒரே சொல்தான் வழங்குகிறது.

இவை யாவற்றினும் அச்சம் தருவது சாய்க்யோவின் கதை. சாய்க்யோ (1118–1190) ஜப்பானின் தலைசிறந்த கவிஞர்களுள் ஒருவர், துறவி. அவர் மறைந்தபின் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் பெயரால் வழங்கிய ‘சென்ஜூஷோ’ என்னும் தொகுப்பு இதனைச் சொல்கிறது. கோயா மலையில் தவம் இருந்த சாய்க்யோவின் நண்பர் தலைநகருக்குச் சென்றுவிடுகிறார். தனிமை தாளாத துறவி காட்டில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கி, கொடியால் கட்டி, மருந்து பூசி, ஒரு மனிதனைச் செய்கிறார். அது எழுந்து நின்றது. ஆனால் நிறம் வெளிறியிருந்தது. குரல் பழுதுற்ற குழலின் ஓசைபோல் இருந்தது. உள்ளம் என்பது இல்லை. அதனை அழித்துவிடலாம் என எண்ணினார். மனித வடிவம் கொண்டதை அழித்தல் கொலையாகுமோ என அஞ்சினார். முடிவில், ஆள் நடமாட்டமற்ற காட்டின் உட்புறத்தில் அதனை விட்டுவிட்டு வந்தார்.

பேச்சுத்துணைக்கெனப் படைத்த ஒன்றை, அது பேசத் தெரியாதது என்பதற்காகக் காட்டில் கைவிட்ட இச்செயலை நூல் கடிந்துரைக்கவில்லை. ஆயினும் படிப்பவர் நெஞ்சில் அது முள்ளாய்த் தைக்கிறது. கதை மேலும் ஒரு படி செல்கிறது. தலைநகருக்குச் சென்ற சாய்க்யோ, இக்கலையில் வல்லவரான மொரோநாக்கா என்னும் பெருமகனாரிடம் தம் செய்முறையில் நேர்ந்த பிழை யாதென வினவுகிறார். அவரோ, தாம் அவ்வாறு செய்த மனிதர் சிலர் அமைச்சர்களாகவே விளங்குவதாகவும், அவர் யாரென வெளியிட்டால் செய்தவரும் செய்யப்பட்டவரும் ஒருங்கே கரைந்து மறைவர் என்றும் கூறுகிறார். படைப்பின் இரகசியம் வெளியானால் இருவர்க்கும் அழிவு என்னும் இக்கருத்தை நினைவில் இருத்துதல் வேண்டும். யாகாவின் முடிவைக் காணுமிடத்து இது மீண்டும் வரும்.

சாய்க்யோவின் படைப்பு காட்டில் ஊமையாய்க் கிடந்தது. முரோமாச்சிக் காலத்து (1336–1573) மக்கள் கற்பனை செய்த கைவிடப்பட்ட பொருள்களோ ஊமையாய் இருக்கவில்லை. ‘சுக்குமொகாமி’ பற்றிய படச்சுருள் கதை, கருவிகள் நூறு ஆண்டு கடந்தால் ஆவி பெறும் என்று தொடங்குகிறது. அதனால் மக்கள் ஆண்டு இறுதியில் வீட்டைத் துப்புரவு செய்யும்போது பழம்பொருள்களைத் தெருவில் எறிந்துவிடுவராம். அவ்வாறு எறியப்பட்ட கலங்களும் கருவிகளும் குப்பைமேட்டில் ஒன்றுகூடி அவை நடத்துகின்றன. ‘இத்தனை ஆண்டு உழைத்தோம், நன்றி ஒன்றும் கண்டிலோம், மாடும் குதிரையும் மிதிக்கக் கிடக்கிறோம்’ என்பதே அவற்றின் முறையீடு. செபமாலை ஒன்று மட்டும் பழிவாங்கல் தகாது என்று அறிவுரை கூறி அடிபட்டு ஓடுகிறது. பருவம் மாறும் இரவில் அவை உருமாறுகின்றன. சில ஆண்களாகவும் சில பெண்களாகவும் சில நரி, ஓநாய் போன்ற விலங்குகளாகவும் வடிவெடுத்து, நகருக்குள் புகுந்து மக்களையும் கால்நடைகளையும் கொன்று தின்கின்றன. பின்னர் மந்திர ஆற்றலால் அடக்கப்பட்டு, தாம் அடித்து விரட்டிய செபமாலையையே குருவாக நாடி, ஷிங்கோன் பௌத்த நெறியில் ஒழுகிப் புத்தநிலை அடைகின்றன.

கதையைச் சமயப் பரப்புரை என்று கொள்வாரும் உளர், அது உண்மையே. புல்லும் மரமும் வீடுபேறு அடையும் என்று கூறிய பௌத்தப் பிரிவுகள், பழைய பானைக்கும் அவ்வாய்ப்பை அளித்ததில் முரண் ஏதுமில்லை. எனினும் கதையை இத்தனை நூற்றாண்டுகள் வாழவைத்தது அதன் சமயக் கருத்தன்று. குப்பைமேட்டில் எழுந்த அந்த முறையீடே. கனாஓக்காவின் குதிரைக்கு உயிர் தந்தது கலைஞனின் கைத்திறன். சிற்பி ஜிங்கோரோவைப் பற்றிய கபுகி நாடகத்தில் பெண்பாவைக்கு அப்பெண்ணின் உள்ளத்தைத் தருவது அதன் மார்பில் வைத்த அவளுடைய கண்ணாடி. சுக்குமொகாமிக்கோ உயிர் தருவது உழைப்பும் காலமும். அவ்வுயிரைச் சீற்றமாக மாற்றுவது நன்றிமறதி.

அவ்வச்சமும் நன்றியும் சடங்குகளாய் நிலைத்தன. பிப்ரவரி 8ஆம் நாள் தையற்கலைஞர்கள் ஒடிந்த ஊசிகளை மென்மையான தோஃபுவில் செருகி வழிபடுகின்றனர். ஆண்டு முழுதும் கடின துணியில் குத்தி வருந்திய ஊசிக்கு அது ஓய்வு. உவேனோவின் கியோமிசு கண்ணோன் கோயிலில் ஆண்டுதோறும் செப்டம்பர் 25ஆம் நாள் பழைய பொம்மைகளுக்கு இறுதிக்கடன் ஆற்றுகின்றனர். சோனி நிறுவனம் 1999இல் அய்போ என்னும் எந்திர நாயை விற்பனைக்கு விட்டபோது, ஜப்பானுக்கென ஒதுக்கிய 3,000 நாய்களும் இருபது நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. 2006இல் அதன் உற்பத்தி நின்றது. 2014இல் பழுதுநீக்கும் பணியும் நின்றது. இனி அவை நோயுற்றால் மருந்தில்லை. சிபா மாவட்டத்து இசுமி நகரில் உள்ள கோஃபுக்குஜி கோயிலில், இயக்கம் நின்ற அந்த நாய்களை வரிசையாக அடுக்கி வைத்துத் துறவியர் சூத்திரம் ஓதினர். அதன்பின்னரே அவற்றின் உறுப்புகள் கழற்றப்பட்டு, எஞ்சிய நாய்களுக்குப் பொருத்தப்பட்டன. உறுப்பை எடுக்குமுன் உயிரை வழியனுப்பவேண்டும் என்று அங்குள்ளோர் கருதினர்.

அசைவுப்படக் கலைக்குள்ளும் இப்பொருள் புகுந்துவிட்டது. தெசுக்கா ஒசாமு 1952இல் தொடங்கிய சித்திரக்கதை, 1963 சனவரி 1ஆம் நாள் முதல் தொலைக்காட்சித் தொடராக வந்தது; ‘அஸ்ட்ரோ பாய்’ என உலகம் அறிந்தது அதுவே. விபத்தில் மகனை இழந்த தென்மா என்னும் அறிவியலர், அவன் சாயலில் ஓர் எந்திரச் சிறுவனைச் செய்கிறார். அவன் வளரவில்லை என்று கண்டதும் வெறுத்து விற்றுவிடுகிறார். சாய்க்யோ காட்டில் விட்டதைத் தென்மா சர்க்கஸ் கூடாரத்தில் விட்டார், வேறுபாடு அவ்வளவே.

யாகா கைவிடாதவர். இங்கேதான் அகுதாமியின் கதை பழைய கதைகளிலிருந்து பிரிகிறது. கறுப்புக் கண்ணாடியும் முரட்டுத் தோற்றமும் உடைய இவ்வாசிரியர் ஓய்வு நேரத்தில் பொம்மை தைப்பவர். குசகாபெ என்னும் மற்றோர் ஆசிரியரின் தங்கை தன் சிறுமகனை இழந்து வாடியபோது, அவன் உயிரின் சாயலைப் பொதிந்து ஒரு சிறு பாவையைச் செய்து கொடுத்தவரும் அவரே. பாண்டாவின் உடலுக்குள் அவர் வைத்தவை மூன்று கருக்கள்: ஒன்று பாண்டா, மற்றொன்று அண்ணனாகிய கொரில்லா, இன்னொன்று நாணம் மிகுந்த அக்காள். ஒன்றுக்கொன்று இசைந்த மூன்று உயிர்கள் இடையறாது ஒன்றையொன்று நோக்கிக்கொண்டிருந்தால், அந்நோக்கினால் ‘நான்’ என்னும் உணர்வு நிலைபெறும் என்பதே அவர் கண்ட இரகசியம். கண்ணில் உயிர் உண்டு என்றது பழங்கதை. தன்னைக் காணும் பிறர் கண்ணில்தான் உயிர் உண்டு என்கிறது இக்கதை. சாய்க்யோவின் எலும்பு மனிதனைக் காண அக்காட்டில் ஒருவரும் இருந்திலர்.

இரகசியம் யாகாவுக்குக் கேடாயிற்று. தானே இயங்கும் பாவைகளைச் செய்யத் தெரிந்தவர் ஒரு படையையே செய்துவிடுவார் என்று மேலிடத்தார் அஞ்சினர். பாண்டா தற்செயலாய் விளைந்தவன் என்றே யாகா நெடுங்காலம் கூறிவந்தார். மண்பாவையை மனிதருக்கு ஈடாக நிறுத்தியோரின் வழிவந்த அதிகாரம், பாவைக்கு உள்ளம் உண்டு என்று அறிந்தும் அதில் ஓர் ஆயுதத்தையே கண்டது. முடிவில் அவருக்குக் கொலைத்தண்டம் விதிக்கப்பட, அதனை நிறைவேற்ற வந்தவர் கியோத்தோ பள்ளியின் முதல்வரான முதியவர் ககுகான்ஜி. இறக்கும் தறுவாயில் யாகா தம் இரகசியத்தை அவரிடமே சொல்லிவிடுகிறார். முன்பே சொல்லியிருந்தால் உயிர் பிழைத்திருக்கலாமே என்று முதியவர் திகைக்க, இது தாம் அவருக்கு இடும் சாபம் என்று கூறி யாகா கண் மூடுகிறார். மொரோநாக்கா அஞ்சியது ஒரு பாதி நிறைவேறிற்று: செய்தவர் மறைந்தார், செய்யப்பட்டவன் மறையவில்லை.

பாண்டா வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. தந்தையின் உடலை மடியில் ஏந்தி அவன் அழுகிறான். குப்பைமேட்டுக் கருவிகளாக இருந்திருப்பின் அந்த இரவே நகரம் குருதியில் நனைந்திருக்கும். தன்மேல் வெறுப்பு இல்லையா என்று ககுகான்ஜி வினவுகிறார். மனிதரைப்போல் தன்னை எண்ணவேண்டா, தனக்கு அவர்மேல் பகை இல்லை என்கிறான் பாண்டா. பாண்டாவும் அழும் என்பதை மட்டும் அவர் மறவாதிருக்கவேண்டும் என்கிறான். இரகசியத்தைச் சுமந்தவராய் அம்முதியவர் அங்கேயே நிற்கிறார்.