சொல்லும் துணிவும்

சென்னையினின்று காஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூர் உள்ளது. அங்கிருந்து ஒரகடம் வரை இன்று மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. அவ்வூரின் பழம்பெருமையோ, 1017-ஆம் ஆண்டில் இராமாநுசர் தோன்றிய இடம் என்பதாம். அரிதிற் பெற்ற மந்திரப் பொருளை மறைத்து வைக்குமாறு ஆசாரியர் பணித்திருந்தும், நரகம் வாய்ப்பினும் வாய்க்க என்று துணிந்து, திருக்கோட்டியூரில் பலரும் கேட்க அவர் அதனை வெளியிட்டார் என்று வைணவ மரபு கூறும். தாம் நம்பியதைப் பிறர்க்குச் சொல்லத் துணிவு வேண்டும் என்பதை எல்லாச் சமயத்தாரும் உணர்ந்திருந்தனர். கிறித்தவர் அத்துணிவையும் அதற்கேற்ற சொல்லையும் சேர்த்தே இறைவனிடம் வேண்டினர். அவ்வேண்டுதல் தமிழகத்தில் பெற்ற வடிவத்தையே இன்று காணப்போகிறோம்.

பவுலின் பெயரால் வழங்கும் எபேசியர் நிருபத்தின் இறுதியில் ஒரு வேண்டுகோள் உண்டு. எழுதுபவர் சிறையில் விலங்குபூண்டு இருக்கிறார். எனினும், விடுதலை கிடைக்குமாறு மன்றாடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. வாய் திறக்கும்போது சொல் அருளப்பட வேண்டும், அதனை அஞ்சாது உரைக்க வேண்டும், இவற்றுக்காக மன்றாடுங்கள் என்றே கேட்கிறார்.

இவ்வேண்டுதலை நன்கறிந்த இளைஞர் ஒருவர் 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் பெயர் சீகன்பால்கு, செருமானியர், டென்மார்க்கு மன்னர் அனுப்பியவர். வந்தபோது அவருக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. முதியவரான திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தேடி, சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். வாழ்நாளை வகுப்பறையிலேயே கழித்த எனக்கு, அவர் வரலாற்றில் இப்பகுதியைப்போல் உவப்பளிப்பது வேறொன்றில்லை. அழகப்பர் என்னும் மொழிபெயர்ப்பாளர் பேச்சுத் தமிழை அவருக்குப் பயிற்றினார். இரண்டே ஆண்டுகளில், 1708 அக்டோபரில், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனியக் கோட்டைத் தலைவர் ஹாசியுசு அவரைச் சிறையிலிட்டார். ஏறத்தாழ நான்கு மாதம் சிறைவாசம். தம் மதத்தைச் சேர்ந்த அதிகாரியே அவருக்குப் பகையானார் என்பதைக் கருதுங்கள். விடுதலையானபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1711-இல் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அது முழு நூலாக வெளிவந்தது.

சிறைக்கு அஞ்சாமை பெரிதே. ஆயினும், அதனினும் பெரிய துணிவு ஒன்று அவரிடம் இருந்தது என்பேன். 1712 முதல் அவர் தமிழ் அறிஞர்களுக்கு வினாக்கள் அனுப்பி, அவர்கள் நெறி யாது, கிறித்தவரைப்பற்றி அவர்கள் எண்ணுவது யாது என்று எழுதுமாறு கேட்டார். விடைகள் கூச்சமின்றி வந்தன. மாட்டிறைச்சி உண்பதையும், மது அருந்துவதையும், ஐரோப்பியரின் தூய்மையற்ற பழக்கங்களையும் சுட்டி, இவர்கள் எமக்கு அறம் உரைப்பதோ என்று கேட்டவர் பலர். அக்கடிதங்களைச் சீகன்பால்கு ஒளித்துவைக்கவில்லை. மொழிபெயர்த்துச் செருமனியிலுள்ள ஆலே நகருக்கு அனுப்பினார். அவை அங்கே அச்சிலும் ஏறின. தமிழர் தெய்வங்களைப்பற்றி அவர் 1713-இல் எழுதிய நூலை மட்டும் ஆலேயின் தலைவர் பிராங்கே அச்சிட ஒப்பவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோமேயன்றி, அதனை ஐரோப்பாவில் பரப்ப அன்று என்பது அவர் கருத்து. அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. சீகன்பால்கோ 1719-இலேயே, முப்பத்தாறு வயதில் மறைந்துவிட்டார்.

அவர் மொழிபெயர்ப்பு எளியோர்க்கு விளங்கியது. ஆனால் நடை செம்மைப்படவில்லை. அக்குறையைத் தீர்க்க முனைந்தவர், 1740-இல் தமிழகம் வந்து சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய பெப்ரீசியசு. முழந்தாளிட்டு மொழிபெயர்த்தவர் என்று அவரைக் கூறுவது வழக்கம். மூலநூலின் ஒவ்வொரு சொல்லையும் இரந்து பெறுபவன்போல் அணுகினார் என்பது இதன் கருத்து. ஆனால் அவர் வேண்டுதலோடு நின்றுவிடவில்லை. எழுதியதைக் கற்றாரிடமும் கல்லாரிடமும் படித்துக்காட்டி, விளங்குகிறதா என்று கேட்டுக்கேட்டுத் திருத்தினார். இடையே பிரெஞ்சுப் போர், வேப்பேரி சூறையாடப்பட்டது, பழவேற்காட்டில் ஒல்லாந்தரிடம் அடைக்கலம் புக நேர்ந்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியிலிருந்து கைப்பற்றிய அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது.

கடவுளைக் குறிக்கும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1578-இல் கொல்லத்தில் அச்சான சிறு நூல், 'தம்பிரான்' என்றது. சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பெப்ரீசியசு 'பராபரன்' என்றார். 1871-இல் வந்த பொதுத் திருப்புதல் 'தேவன்' என்றது. 1995-இல் கத்தோலிக்கரும் பிறரும் கூடி வெளியிட்ட பொதுமொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. இவற்றுள் ஒன்றேனும் கடல் கடந்து வந்த சொல் அன்று. எல்லாம் இங்கே முன்பே வழங்கியவை. முன்பே பொருள் நிறைந்தவை. அப்பொருளோடு சொல்லை ஏற்பதா, தவிர்ப்பதா என்பதே ஒவ்வொரு தலைமுறையின் இடர்ப்பாடு. வேண்டுதலால் துணிவு ஒரு நாளில் வரக்கூடும். சொல்லோ நானூறு ஆண்டு தேடியும் முடிந்தபாடில்லை.

பெப்ரீசியசின் முதுமை துயரமானது. பிறர் பணத்தை நம்பிக் கடன் கொடுத்து ஏமாந்து, கடனாளியாய்ச் சிறையும் புகுந்தார், 1791-இல் காலமானார். சொல் தேடிய உழைப்பில் விளைந்த தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றை 1779-இல் வேப்பேரியில் வெளியிட்டிருந்தார். பிற்காலத்தார் விரித்த அதன் நான்காம் பதிப்பு 1972-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. உங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தால், 'பராபரம்' என்னும் சொல்லை அதில் எடுத்துப் பாருங்கள்.