முதுகுத்தண்டு மயக்க ஊசிக்குப் பின் வரும் தலைவலி

இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதற்காக முதுகில் போடும் ஊசி, தண்டுவடத்தைச் சூழ்ந்த டியூரா உறையைத் துளைத்துச் செல்கிறது. அந்தத் துளை வழியே மூளைத் தண்டுவட நீர் கசிவதால் வருவது இந்தத் தலைவலி. பெரும்பாலும் ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் நெற்றியிலும் பிடரியிலும் தொடங்கும். எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் தணியும். கழுத்து இறுகும், காது இரையும், குமட்டும். பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் தானே சரியாகிவிடும். இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை ஏதுமில்லை. ஸ்கேனிலும் பல வேளைகளில் ஒன்றும் தெரியாது. எழுந்தால் வலிக்கிறதா, படுத்தால் குறைகிறதா என்ற கேள்விதான் முதன்மையான சோதனை. அதை ஒருமுறை கேட்டால் போதாது, வலி தீரும்வரை நாள்தோறும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியின் பயனுக்கு இந்நோயின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1885இல் நியூயார்க்கில் கார்னிங் என்பவர் முதுகில் கோகெய்ன் செலுத்தினார். மருந்து உறைக்குள் சென்றதா, வெளியிலேயே நின்றதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1891இல் ஜெர்மனியின் கீல் நகரில் குவிங்கே இடுப்பில் துளையிட்டு நீர் எடுக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். அதே நகரில் ஆகஸ்ட் பியர் 1898 ஆகஸ்ட் 16 அன்று ஒரு தொழிலாளியின் கணுக்கால் அறுவைக்கு இந்த வழியில் மயக்கம் கொடுத்தார். நோயாளிகள் சிலருக்குத் தலைவலியும் வாந்தியும் வரவே, ஆகஸ்ட் 24 அன்று அவரும் உதவியாளர் ஹில்டெபிராண்டும் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தனர். பியரின் முதுகில் ஊசி ஏறிய பிறகுதான் சிரிஞ்சு அதில் பொருந்தவில்லை என்பது தெரிந்தது. மருந்து சிந்தியது, நீரும் நிறைய வெளியேறியது. பிறகு ஹில்டெபிராண்டுக்குப் போட்டது பலித்தது: முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தும் அவருக்கு வலிக்கவில்லை. இரவு இருவரும் மதுவருந்திச் சுருட்டுப் புகைத்தனர். மறுநாள் பியருக்குத் தொடங்கிய தலைவலி, படுத்தால் நின்றது, எழுந்தால் திரும்பியது. ஒன்பது நாள் அவர் படுக்கையிலேயே கழிக்க நேர்ந்தது. மதுதான் காரணம் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் மதுவால் வரும் தலைவலி படுத்தவுடன் நிற்பதில்லை, ஒன்பது நாள் நீடிப்பதுமில்லை. மருந்து பெரும்பாலும் உள்ளே போகாதவருக்கும் இது வந்ததால், கோகெய்னைவிட இழந்த நீரின் மீதே ஐயம் வலுத்தது.

அடுத்த அரை நூற்றாண்டில் ஊசிகள் மெலிந்தன. 1951இல், உறையின் இழைகளை அறுக்காமல் விலக்கிச் செல்லும் பென்சில் முனை ஊசியை ஹார்ட்டும் விட்டேக்கரும் அறிமுகப்படுத்தினர். 1956இல் வாண்டம், டிரிப்ஸ் இருவரும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகளை ஆராய்ந்து 11 விழுக்காட்டினருக்குத் தலைவலி வந்ததாக எழுதினர். நோயாளியின் ரத்தத்தையே எடுத்துத் துளைக்கருகே செலுத்தி அடைக்கும் பிளட் பேட்ச் 1960இல் வந்தது. வலிக்குக் காரணம் மூளை கீழிறங்கி உறைகளை இழுப்பதா, நீரின் இடத்தை நிரப்ப ரத்தக் குழாய்கள் விரிவதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

தமிழ்நாட்டில் இந்நோயை அதிகம் சந்திப்பது பிரசவ வார்டுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கு 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முதுகு ஊசியே. இங்கே மூளைச் சிரை அடைப்பு என்ற இன்னொரு நோயும் காத்திருக்கிறது. 1983இல் மதுரையிலிருந்து கே. சீனிவாசன், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை ரத்தக் குழாய் அடைப்பு வந்த 135 பெண்களைப் பற்றி எழுதினார். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது இதற்குத் துணைபோவதாகச் சொல்வோர் உண்டு. அது ஐயமற நிறுவப்படவில்லை. மூளைச் சிரை அடைப்பும் தலைவலியாகவே தொடங்கும், சில வேளை எழுந்தால் கூடவும் செய்யும். அப்படியானால் எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே என்பது நியாயமான கேள்வி. எழுந்தால் வந்து படுத்தால் போகும் வலி, வேறு குறி இல்லாதவரை, பெரும்பாலும் கசிவுதான். அத்தனை தாய்மாரையும் ஸ்கேனுக்கு அலைக்கழிப்பதால் பயன் குறைவு. ஆனால் படுத்தும் குறையாமல் வலி நீடித்தால், வலிப்பு, பார்வை மங்கல், கைகால் பலவீனம், காய்ச்சல், ரத்த அழுத்த உயர்வு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால், பொறுத்துப் பார்க்கக் கூடாது. நேற்று படுத்தால் தணிந்த வலி இன்று தணியவில்லை என்பது எல்லாவற்றிலும் முக்கியமான குறி. கசிவே மூளை உறையடியில் ரத்தக் கசிவுக்கும் சிரை அடைப்புக்கும் வழிவிடலாம். தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண்ணிடம் இந்த மாற்றத்தைக் கவனிக்கச் சொல்லியனுப்புவது, தலையணை வைக்காதே என்று சொல்லியனுப்புவதைவிடப் பயனுள்ளது. அசையாமல் படுத்திருப்பது இத்தலைவலியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

எழுந்த 15 நிமிடத்துக்குள் இத்தலைவலி கூட வேண்டும் என்ற 2004ஆம் ஆண்டின் பன்னாட்டு வரையறை, 2018 பதிப்பில் இல்லை. மூக்கு வழியாக நரம்பு முடிச்சை மரக்கச் செய்யும் சிகிச்சையும் அண்மையில் பேசப்படுகிறது; அதன் பலன் குறித்த முடிவுகள் ஒத்துப்போகவில்லை.