பாரிஸில் ஒயினுக்கு ரேஷன் வந்த காலம்

குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவரைக் கண்டால், மனக்கட்டுப்பாடு இல்லாதவர் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஊரில் மது எவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்கும் அந்த நோயால் வரும் சாவில் பெரும் பங்குண்டு என்பதை இரண்டாம் உலகப் போர்க்காலப் பாரிஸ் காட்டியது. சுருங்கி இறுகி, மேலெல்லாம் பழுப்பு முடிச்சுகள் புடைத்த கல்லீரலை 1819இல் மருத்துவர் லென்னெக் விவரித்து, சிரோசிஸ் என்று பெயரிட்டது அந்த நகரில்தான். ஆனாலும் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒயின் சாப்பாட்டோடு சேர்ந்தது. பழியெல்லாம் சாராய வகைகளின் மேல். 1915இல் அப்சிந்த் சாராயத்தைத் தடைசெய்த அரசு, போர்முனைச் சிப்பாய்களுக்குத் தினமும் ஒயின் அளந்து கொடுத்தது.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1942 முதல், ஒயினும் ரேஷனுக்கு வந்தது. ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு லிட்டர் கிடைத்தாலே அதிகம். 1941இல் பாரிஸில் லட்சம் பேருக்குச் சுமார் 35 ஆக இருந்த சிரோசிஸ் சாவு, 1945இல் 6 ஆகிவிட்டது. முற்ற இருபது ஆண்டுகூட எடுக்கும் நோய் நாலே ஆண்டில் எப்படித் தணியும் என்று கேட்கலாம். நோய் மறைந்துவிடவில்லை. கல்லீரலில் விழுந்த தழும்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆனால் அதற்குமேல் அன்றாடம் ஏறும் மதுதான் வீக்கத்தைக் கிளறி, மஞ்சள் காமாலையிலும் மகோதரத்திலும் இரத்த வாந்தியிலும் ஆளைச் சாய்க்கிறது. அது குறைந்ததும், மிச்சமிருந்த நல்ல பகுதியைக் கொண்டே பலர் உயிர்தரித்தார்கள். சிரோசிஸ் வந்தபின் குடியை விட்டு என்ன பயன் என்று கைவிரிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

கல்லீரலைக் கெடுப்பது மதுவல்ல, சத்தில்லாச் சாப்பாடு என்ற கருத்து அன்று வலுவாக இருந்தது. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட சார்ல்ஸ் பெஸ்டே 1949இல் அந்தப் பக்கம் நின்றார். அது சரியென்றால், பசியில் வாடிய பாரிஸில் சாவு கூடியிருக்க வேண்டுமே! 1974இல் ஆய்வாளர்கள் லீபரும் ரூபினும் பபூன் குரங்குகளுக்குச் சத்தான தீனியோடு மதுவும் கொடுத்தார்கள், சிரோசிஸ் வந்தது. ஆண்கள் பலர் போர்க்கைதிகளாகப் போய்விட்டதால் கணக்கு குறைந்திருக்கலாம் என்பது இன்னொரு வாதம். ஓரளவு இருக்கலாம். ஆனால் ஆறில் ஒரு பங்காக விழுந்ததற்கு அது போதாது. ரேஷன் நீங்கி ஒயின் பெருகியதும் சாவும் திரும்ப ஏறியது. இவ்வளவும் கண்முன் நடந்த நாட்டில், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒயினை எடுக்க 1956 வரை ஆயிற்று.