கூப்பும் விறகுக்கட்டும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் ஏன் முள்ளுக்காடாச்சு என்று கேட்டால், விறகு சுமந்த சேரிப் பெண்களையும் பளியர்களையும் கைகாட்டுவார்கள். எங்க அம்மாவும் அந்தக் 'குற்றவாளி'களில் ஒருத்தி. செண்பகத்தோப்புப் பக்கம் சுள்ளி பொறுக்கிக் கட்டி, சும்மாடு வைத்துத் தூக்கிவந்து டீக்கடையில் போட்டால்தான் அன்னிக்குக் கஞ்சி. பிடிபட்டா அரிவாளும் போச்சு, கட்டும் போச்சு.

இந்தக் கட்டுக்கு முன்னால் நடந்த வெட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. 1856இல் கிளெக்கார்ன் தலைமையில் சென்னை மாகாணத்தில் காட்டிலாகா உண்டானது. அதே ஆண்டுதான் மாகாணத்தில் ரயிலும் ஓட ஆரம்பித்தது. தண்டவாளத்துக்கு அடியில் கட்டை வேண்டும்; அந்தக் காலத்து எஞ்சினும் விறகைத்தான் தின்றது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில். 1882இல் சென்னை வனச் சட்டம். ரிசர்வ் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றமாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது திருநெல்வேலி ஜில்லா; 1910இல் ராமநாதபுரத்துக்குப் போனது. ஜில்லா மாறியது, சட்டம் மாறவில்லை.

காண்டிராக்டருக்கு மட்டும் வாசல் திறந்திருந்தது. அதற்குப் பெயர் கூப்பு. மாகாணத்து வறண்ட காடுகளைத் துண்டு போட்டு, வருஷத்துக்கு ஒரு துண்டாக வெட்டுவது. தூரில் துளிர்த்து வளர்ந்ததைச் சில பத்து வருஷம் கழித்து மறுபடி வெட்டுவது. காகிதத்தில் காடு அப்படியே இருக்கும். மண்ணில் அப்படி இல்லை. மரத்தின் சத்து நடுத்தண்டைவிடப் பட்டையிலும் இலையிலும் சிறு கொப்பிலும்தான் செறிவாக இருக்கிறது. பலகைக்கு வெட்டினால் கொப்பும் தழையுமாவது அங்கேயே கிடந்து மக்கும். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டினால் கொப்பும் போய்விடும். திரும்பத் திரும்ப வெட்டுப்பட்ட தூர் கிழடு தட்டித் துளிர்க்கிற வலுவை இழக்கும். நிழலும் சருகும் போன சரிவில் மழை அடிச்சா மேல்மண் கரைந்து கம்மாயில் வண்டலாகப் படியும். கட்டை இழுத்த தடத்தில் மண் இறுகி, முளைத்த விதைக்கு வேர் இறங்காது.

அமெரிக்க வனத்துறை 1989இல் இதையே நெடுங்கால ஆய்வாகத் தொடங்கியது. தரையிலிருந்த சருகு, மக்கு முழுவதையும் அள்ளிய இடங்களில் பத்து வருஷத்தில் மேல்மண்ணின் கரிமச் சத்து குறைந்தது. மண்ணை இறுக்கியபோது மணல்தரை மரங்கள் தாக்குப்பிடித்தன, களிமண்ணில் வளர்ச்சி குன்றியது.

சுள்ளி பொறுக்குவதும் மண்ணின் பங்கை எடுப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் தலைச்சுமையையும் ரயில்சுமையையும் ஒரே தராசில் வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

1988இல் இது சாம்பல் நிற அணில் சரணாலயம். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மரம் வெட்டத் தடை போட்டது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். நடுவே 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. பளியர்களுக்கு அதில் ஒரு வழி இருக்கிறது. பழங்குடிப் பட்டியலில் இல்லாத எங்களைப் போன்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டில் வாழ்ந்து காட்டையே நம்பிப் பிழைத்ததை நிரூபிக்கணும். நுழைந்ததே குற்றமாக இருந்த வருஷங்களுக்கு எந்த ஆபீசில் போய் ஆதாரம் கேட்பது? பழைய அபராத ரசீதுகளைத்தான் தேடணும்.