மசக்கையும் குர்துபா மருத்துவமும்

ஹிஜ்ரி 350இல் (கி.பி. 961) இரண்டாம் ஹகம் குர்துபாவின் கலீபாவாக அரியணை ஏறியபோது அவருக்கு வயது 46. அதுவரை அவருக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. அடுத்த ஆண்டில் பிறந்த ஆண்மகவு சிறு பிராயத்திலேயே மறைந்தது. ஹிஜ்ரி 354இல் ஹிஷாம் பிறந்தார். அரண்மனையில் ஒரு பெண் சூலுற்றாள் என்ற செய்தி ஒரு பேரரசின் வருங்காலத்தையே தாங்கி நின்ற காலம் அது.

இவ்விரு பிறப்புகளுக்கும் இடையே, ஹிஜ்ரி 353இல் (கி.பி. 964), அரீப் இப்னு ஸஃது என்னும் அறிஞர் ஒரு நூலை இயற்றிக் கலீபாவுக்குக் காணிக்கையாக்கினார். ‘கல்குல் ஜனீன் வதத்பீருல் ஹபாலா வல்மவ்லூதீன்’ என்பது அதன் பெயர். கருவின் படைப்பு, கர்ப்பிணிகள் மற்றும் பிறந்த குழவிகளின் பராமரிப்பு என்பது பொருள். அரண்மனையின் கவலைக்கும் இந்நூலுக்கும் உள்ள உறவை அறுதியிட நான் துணியேன். ஆனால், இமாம் தபரியின் பெரும் வரலாற்றைச் சுருக்கி, அதன் தொடர்ச்சியையும் எழுதிய ஒரு சரித்திர ஆசிரியர், தம் பேனாவைக் கர்ப்பிணியின் பக்கம் திருப்பினார் என்பதே சிந்திக்கத் தக்கது. பதினைந்து அத்தியாயங்களில் கரு உருவாவது தொடங்கிக் குழந்தை வளர்வது வரை அவர் பேசுகிறார். ஏறத்தாழ அதே காலத்தில் எகிப்தில் அஹ்மத் அல்பலதீ என்பாரும் ஃபாத்திமீ அமைச்சர் இப்னு கில்லிஸுக்காக இத்துறையில் ஒரு நூல் எழுதினார்.

இம்மருத்துவ மரபு முழுவதிலும் ஓடும் கருத்தொன்று உண்டு. கருவைக் கனிக்கு ஒப்பிட்டார் யவன மருத்துவர் ஜாலீனூஸ். பிஞ்சாயிருக்கும்போது காம்பு மெலிது. சிறு காற்றுக்கும் உதிரும். முற்றிப் பழுத்த பின்னரும் எளிதில் உதிரும். நடுவிலேதான் பிடிப்பு உறுதி. ஆதலால் நான்காம் மாதத்திற்கு முன்னும் ஏழாம் மாதத்திற்குப் பின்னும் கர்ப்பிணிக்குப் பேதி மருந்து கொடுத்தலாகாது என்பது புக்ராத் காலந்தொட்டு வந்த விதி. ஹிஜ்ரி 428இல் மறைந்த இப்னு ஸீனாவும் தம் ‘கானூனில்’ இவ்வழியே நின்றார்.

நம் வீடுகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. வயிறு தெரியத் தொடங்கிய பின்னரே மருமகளுக்கு உபசாரம். முதல் மூன்று மாதங்களில் அவள் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் இடையே வாந்தியெடுத்துக்கொண்டே வேலை செய்வாள். கேட்டால், “நாங்களெல்லாம் பெறவில்லையா?” என்பார்கள்.

அந்த வாந்தியைப் பழைய மருத்துவர்கள் அற்பமாக எண்ணவில்லை. நாம் மசக்கை என்பதை அரபியர் ‘வஹம்’ என்றனர். குமட்டல், உணவில் வெறுப்பு, புளிப்பில் நாட்டம், மண்ணையும் கரியையும் தின்னும் ஆசை எல்லாம் அதில் அடங்கும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு யவன மருத்துவர் ஸொரானுஸ், இது நாற்பதாம் நாளளவில் தோன்றி நான்கு மாதங்கள் வரை நீடிக்கும் என்றார். ஆறாம் வாரத்தை ஒட்டித் தொடங்கிப் பதினாறு முதல் இருபது வாரங்களுக்குள் பெரும்பாலும் தணியும் என்கிறது இன்றைய மருத்துவம். கணக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள்! தண்ணீரும் தங்காமல், சிறுநீரும் குறைந்துவிட்டால் அது மசக்கை என்று விட்டுவிடத் தக்கதன்று. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். உதிரப்போக்கும் கடுமையான வயிற்றுவலியும் அவ்வாறே.

பழையவை யாவும் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. வலப்புறம் தங்கினால் ஆண், இடப்புறம் தங்கினால் பெண் என்றும், ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழையாது என்றும் அவர்கள் நம்பினர். இரண்டும் பிழை. எனினும் முதல் மாதங்களில் மருந்துக்கு அஞ்சியது பிழையன்று. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மாத்திரை மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. 1961இல் அது திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் ஊனத்துடன் பிறந்துவிட்டன.

திருமறையின் லுக்மான் அத்தியாயத்தில் தாயின் சுமையைச் சுட்ட ஆளப்படும் சொல் ‘வஹ்ன்’. பலவீனம் என்பது பொருள். ஃபிக்ஹு மேதைகள் இதை ஏட்டோடு விடவில்லை. நோன்பில் பயணிக்குரிய சலுகை கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் உண்டு என்னும் நபிமொழி திர்மிதீ முதலிய தொகுப்புகளில் உள்ளது. தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேருமென அஞ்சுபவள் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம். சிசுவுக்காக மட்டும் அஞ்சி விட்டால் களாவுடன் ஃபித்யாவும் உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹப். களா மட்டுமே போதும் என்பது ஹனஃபி மத்ஹப். அந்த அச்சம் அவளுடைய சொந்த அனுபவத்தாலோ, நம்பத்தக்க மருத்துவரின் சொல்லாலோ எழலாம் என்றனர் அறிஞர்கள். மாமியாரின் ஒப்புதலை எந்தக் கிதாபிலும் நான் கண்டதில்லை. ஆயினும் ஒவ்வொரு ரமளானிலும், மயங்கி விழும்வரை நோன்பிருந்த இளம்பெண்களைப் பற்றி அவர்தம் கணவன்மார் பின்னர் வந்து கேட்கவே செய்கிறார்கள். சட்டம் அளித்த சலுகையை வெட்கம் பறித்துக்கொள்கிறது.

ஹகம் ஹிஜ்ரி 366இல் (கி.பி. 976) மறைந்தார். பதினொரு வயதளவிலேயே கலீபாவான ஹிஷாமின் பெயரால் ஆட்சியைக் கைக்கொண்ட அல்மன்ஸூர், ஹகம் அரிதின் முயன்று சேர்த்த நூலகத்திலிருந்து தத்துவ, வான நூல்களைப் பிரித்தெடுத்து எரிக்கச் செய்தார். மருத்துவ நூல்களையும் கணித நூல்களையும் விட்டுவைத்தார் என்று ஸாயித் அல்அந்தலூஸீ எழுதியுள்ளார். அரீபின் நூற்பிரதி மத்ரீது நகரை அடுத்த எஸ்கோரியல் நூலகத்தில் தங்கியிருந்து, 1956இல் அல்ஜீரியத் தலைநகரில் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.