கொசுவத்தி: மடற்குழு நாட்கள்

நேத்து பௌர்ணமி. அடி அண்ணாமலையில எங்க தெருமுனை வழியா ராத்திரி பூரா கிரிவலக் கூட்டம். தூக்கம் வரலை, அதான் இந்தக் கொசுவத்தி.

பதிவெழுத வர்றதுக்கு முன்னாடி நம்மில் பாதிப்பேர் மடற்குழுக்காரங்கதானே? 2002-ல் நான் சைக்கிள் மிதிச்சு டவுனுக்குப் போய், பிரௌசிங் சென்டரில் உக்காந்து மரத்தடி, அகத்தியர், ராயர் காப்பி கிளப்னு ஒவ்வொரு யாஹூ குழுவா மேய்வேன். முதல் நாள் திரை முழுக்க கொக்கியும் புள்ளியும்தான். திஸ்கி எழுத்துரு போடணுமாம். ஃப்ளாப்பியில எடுத்துக்கிட்டுப் போனா சென்டர் அண்ணன், "வைரஸ் இல்லையே தம்பி?"ம்பார் :-)

அந்தத் திஸ்கியே மடலாடிப் பிறந்ததுதான். அதுக்கும் முன்னால யூஸ்நெட்டில், சாக்.கல்சர்.தமிழ் குழுவில், தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டினாங்க. 'ழ'வுக்கு எதைப் போடறதுன்னே குழப்பம். 90-களில் பாலா பிள்ளையின் தமிழ்.நெட் வந்தது. மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு. ஆனா ஆளுக்கொரு குறியீடு; ஒருத்தர் எழுதினது இன்னொருத்தர் திரையில் குப்பை. பல நாட்டுத் தமிழர்கள் மடலிலேயே மல்லுக்கட்டி, பொதுவா ஒண்ணு வேணும்னு திஸ்கியை உருவாக்கினாங்க. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டுக்கப்புறம் தமிழக அரசு டாம், டாப்னு வேற ரெண்டை எடுத்துக்கிச்சு. குழுக்காரங்க அசரலை. யூனிகோட் வந்துதான் அந்தச் சண்டை ஓய்ஞ்சது.

மதுரைத் திட்டமும் இதே கூட்டத்தின் வேலைதான். 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பம். ஒருத்தர் பழைய நூலைத் தட்டச்சு செய்வார், எங்கோ இன்னொருத்தர் பிழை பார்ப்பார். சம்பளமா, சால்வையா? ஒண்ணும் கிடையாது. அந்த நூல்கள் இன்னிக்கும் இலவசமா கிடைக்குது.

அரட்டைதான் போச்சு. யாஹூ குழுக்களின் பழைய மடல்கள் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டன. 2020 டிசம்பரில் மொத்தமா மூடியாச்சு. முன்கூட்டியே சொல்லத்தான் செஞ்சாங்க. சோம்பேறித்தனம் என்னோடது.

குழுவில் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இருந்தார். என் ஒரே ஒரு வெண்பாவுக்குத் தளை சரிபண்ண மூணு வாரம் மடல் போட்டார். "காய் முன் நேர் வரணும் தம்பி, அவசரப்படாதீங்க" என்பார். முகம் பார்த்ததில்லை. இப்ப அவர் இல்லை. அந்த மடல்களும் இல்லை. வெண்பா மட்டும் ஒரு நோட்டில் கிடக்கு, அதுவும் திருத்துறதுக்கு முந்தினது!

மக்கா, உங்க பழைய சிடியில் எங்கேயாவது 2003 வாக்கில் வந்த வெண்பா இழை இருந்தா ஒரு வரி எழுதிப் போடுங்க.